சுத்தமான நகரில் டெங்கு: சிங்கப்பூர் காட்டும் முரண்பாடு

2020ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் 35 ஆயிரத்துக்கும் அதிகமானோர் டெங்குக் காய்ச்சலால் பாதிக்கப்பட்டனர். அதுவரை அந்நாட்டில் ஒரே ஆண்டில் இத்தனை பேருக்கு டெங்கு கண்டதில்லை. இரண்டே ஆண்டுகள் கழித்து, 2022இல், எண்ணிக்கை மீண்டும் 32 ஆயிரத்தைத் தாண்டியது. தெருவில் குப்பை போட்டால் அபராதம் விதிக்கும் நகரம் அது. வீடு வீடாகச் சென்று கொசுப் புழுவைத் தேடும் அதிகாரிகள் அங்கே இருக்கிறார்கள். கொசு வளர இடம் கொடுப்பதைக் குற்றமாக்கிய சட்டம் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடைமுறையில் இருந்து வருகிறது. இத்தனைக்கும் பிறகு ஏன் இந்த நிலை என்ற கேள்வி, டெங்கு பரவும் பிற நகரங்களில் வாழும் தமிழர்களுக்கும் பொருந்தக்கூடிய ஒன்று.

டெங்கு என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது அள்ளப்படாத குப்பை, அடைபட்ட சாக்கடை, நெரிசலான சேரி ஆகியவைதான். இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2017ஆம் ஆண்டில் இலங்கையில் ஒரு லட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமானோருக்கு டெங்கு ஏற்பட்டு, 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தபோது, கொழும்பை அண்டிய மீதொட்டமுல்ல குப்பை மேடு அவ்வாண்டு ஏப்ரலில் சரிந்ததும், அதன்பின் நகரக் குப்பை தேங்கியதும், பலத்த மழையும் பெரிதும் பேசப்பட்டன. ஆனால் அழுக்கையும் வறுமையையும் மட்டும் காரணமாகச் சொல்லி நிறுத்திக்கொண்டால், சிங்கப்பூரில் நடப்பது விளங்காது.

எறும்புக் கிண்ணத்தில் வளர்ந்த கொசு

டெங்குக் கிருமியைப் பரப்புவதில் முதலிடம் வகிப்பது ஏடிஸ் எஜிப்டி என்ற கொசு. இலங்கை வழக்கில் நுளம்பு. சாக்கடை நீரைவிட, மனிதர்கள் வைக்கும் பாத்திரங்களில் நிற்கும் ஓரளவு தெளிந்த நீரையே அது முட்டையிட நாடுகிறது. வீட்டுக்குள்ளேயே, திரைச்சீலைக்குப் பின்னும் கட்டிலுக்கு அடியிலும் தங்கி, பகலில் கடிக்கிறது. ஒருவரைக் கடிக்கும்போது அவர் கையை அசைத்தால் பறந்து அடுத்தவரிடம் செல்லும் பழக்கம் அதற்கு உண்டு. இதனால் கிருமியைச் சுமக்கும் ஒரே கொசு ஒரு குடும்பத்தில் பலருக்கு நோயைத் தர முடிகிறது. அதன் முட்டைகள் காய்ந்த நிலையில் பல மாதங்கள் உயிரோடிருந்து, தண்ணீர் பட்டவுடன் பொரிகின்றன. தண்ணீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது, பாத்திரத்தின் உட்புறத்தையும் தேய்த்துக் கழுவ வேண்டும் என்று சுகாதார அதிகாரிகள் வலியுறுத்துவது இதனால்தான்.

டெங்குவின் கடுமையான வடிவமான இரத்தக்கசிவுக் காய்ச்சல் 1960களில் சிங்கப்பூரில் தலைதூக்கியது. விரைவிலேயே அது குழந்தைகளின் மரணத்துக்கு ஒரு முக்கியக் காரணமாயிற்று. அப்போது கொசுக்கள் எங்கே வளர்கின்றன என்று பூச்சியியல் வல்லுநர்கள் நகரெங்கும் தேடினர். சேரி வீடுகளில் நூற்றுக்கு 27 வீடுகளிலும், கடைவீடுகளில் 16 வீடுகளிலும், அடுக்குமாடி வீடுகளில் ஐந்து வீடுகளிலும் ஏடிஸ் எஜிப்டி காணப்பட்டது. தண்ணீர் ஜாடிகள், தொட்டிகள், டின்கள் எல்லாம் எதிர்பார்த்தவையே. ஆனால் மிக அதிகமாகப் புழுக்கள் கிடைத்த இடங்களில் ஒன்று, உணவு அலமாரியின் கால்களுக்குக் கீழே எறும்பு ஏறாமலிருக்க வைக்கப்படும் சிறு நீர்க் கிண்ணம். உணவைச் சுத்தமாகக் காக்க நினைத்த இல்லத்தரசியின் ஏற்பாடு அது. தமிழர் வீடுகளிலும் ஒரு காலத்தில் அறியப்பட்டிருந்த இந்தக் கிண்ணத்துக்கும் அசுத்தத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

1968இல் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் சட்டம் வந்தது. 1970 முதல் வீடுகளைச் சோதித்து கொசு வளரும் இடங்களை அகற்றும் திட்டம் முழுமையாகச் செயல்பட்டது. அதே காலத்தில் சேரிவாசிகளும் கம்பத்துவாசிகளும் அரசின் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடியேற்றப்பட்டனர். குழாய் நீர் தடையின்றி வந்ததால் ஜாடியில் பிடித்து வைக்க வேண்டிய தேவையும் அகன்றது. கொசு காணப்பட்ட வீடுகளின் பங்கு நூற்றுக்கு இரண்டு என்ற அளவுக்கு வீழ்ந்தது. அடுத்த 15 ஆண்டுகள் டெங்கு ஏறக்குறைய அடங்கியே இருந்தது.

வெற்றி விட்டுச்சென்ற இடைவெளி

1980களின் இறுதியில் நோய் திரும்பியது. அதன்பின் ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை எழும் ஒவ்வோர் அலையும் பெரும்பாலும் முந்தையதைவிட உயரமாக இருந்தது. 2005இல் 14 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், 2013இல் 22 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், பிறகு 2020. இவ்வளவு காலமும் கொசு காணப்படும் வீடுகளின் பங்கு தாழ்ந்தே இருந்தது என்பதுதான் புதிர்.

இப்புதிரை ஆராய்ந்த ஊய் எங் இயோங், கோ கீ டாய், டுவேன் கப்ளர் ஆகிய மூவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. முதல் காரணமாக அவர்கள் கூறியது, திட்டத்தின் வெற்றியையே. கொசு குறைந்ததால் ஒரு தலைமுறையே டெங்குக் கிருமியைச் சந்திக்காமல் வளர்ந்தது. கிருமியைச் சந்திக்காதவரின் உடலில் அதற்கான எதிர்ப்புச் சக்தியும் இராது. 2004ஆம் ஆண்டின் இரத்தப் பரிசோதனைகளில், 18 முதல் 24 வயது வரையுள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவானோரே முன்பு டெங்குவுக்கு உள்ளாகியிருந்தனர். காய்ந்த சருகு நிறைந்த காட்டில் ஒரு சிறு பொறி போதும் என்பதுபோல, எதிர்ப்புச் சக்தி இல்லாத மக்கள் நெருங்கி வாழும் நகரில் சில கொசுக்களே போதுமானவையாகிவிட்டன.

இதன் இன்னொரு விளைவு, நோயாளிகளின் வயது மாறியது. 1960களில் டெங்கு சிறுவர்களின் நோயாக இருந்தது; இப்போது பெரியவர்களின் நோயாகிவிட்டது. குழந்தைக்கு முதல்முறை டெங்கு வந்தால் பல நேரங்களில் அடையாளமே தெரியாமல் கடந்து போகிறது. பெரியவர்களுக்கோ அது கடும் காய்ச்சலாகவும் எலும்பை முறிக்கும் வலியாகவும் வெளிப்படும் வாய்ப்பு அதிகம். ஆகவே தொற்று ஏற்படும் வேகம் 1960களோடு ஒப்பிடுகையில் வெகுவாகக் குறைந்திருந்தும், மருத்துவரிடம் வரும் நோயாளிகளின் எண்ணிக்கை உயர்ந்திருக்கிறது. புள்ளிவிவரம் ஏறுகிறது என்பதை வைத்தே கொசு ஒழிப்பு தோற்றுவிட்டது என்று முடிவு கட்டுவது அவசரமான தீர்ப்பு என்றே கொள்ள வேண்டும்.

டெங்குக் கிருமியில் நான்கு வகைகள் உள்ளன என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. ஒரு வகை தாக்கியவருக்கு அந்த வகையிடமிருந்தே நீண்டகாலப் பாதுகாப்பு கிடைக்கிறது. வேறு வகை தாக்கினால் நோய் கடுமையாகும் அபாயம் கூடுகிறது. 2013 அலையில் முதல் வகை மேலோங்கியிருந்தது. 2022இல் மூன்றாம் வகை. ஊரில் ஆதிக்கம் செலுத்தும் வகை மாறும்போதெல்லாம், அதற்கு எதிர்ப்புச் சக்தி இல்லாத ஒரு பெருங்கூட்டம் புதிதாகக் கிடைத்துவிடுகிறது.

வேலையிடமும் தொழிலாளரும்

அதே கட்டுரையின் இரண்டாவது வாதம், நோய் தொற்றும் இடம் பற்றியது. கொசு ஒழிப்புத் திட்டம் வீட்டை மையமாகக் கொண்டு அமைந்தது. வீடுகள் பாதுகாப்பாகிவிட்ட பிறகு, மக்கள் பகல்பொழுதைக் கழிக்கும் பள்ளி, அலுவலகம், தொழிற்கூடம், கட்டுமானத் தளம் ஆகியவற்றில் தொற்று ஏற்படத் தொடங்கியது என்று அவர்கள் வாதிட்டனர். பகலில் கடிக்கும் கொசுவுக்குப் பகலில் மனிதர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதே முக்கியம்.

சிங்கப்பூரில் கட்டுமானம் ஓய்வதே இல்லை. கட்டி முடியாத மாடியின் தளத்தில் தேங்கும் மழைநீர், மின்தூக்கிக்காகத் தோண்டிய குழி, மூடாமல் கிடக்கும் தார்ப்பாயின் மடிப்பு, ஓரமாய் வைத்த தண்ணீர்ப் பீப்பாய் என ஒவ்வொன்றும் கொசுவுக்கு இடம். கண்டுபிடிக்கப்படும் கொசு வளரிடங்களில் பெரும்பாலானவை வீடுகளிலேயே உள்ளன என்றாலும், ஒரு கட்டுமானத் தளத்தில் ஓரிடத்தில் உருவாகும் கொசுக்களின் எண்ணிக்கை ஒரு பூத்தொட்டித் தட்டில் உருவாவதைவிடப் பன்மடங்கு இருக்கக்கூடும். அத்தளங்களில் உழைப்பவர்கள் தமிழ்நாடு, வங்கதேசம், சீனா முதலிய இடங்களிலிருந்து வந்தவர்கள்.

இதன் பொருள் என்ன என்பதை இரண்டு நிகழ்வுகள் காட்டுகின்றன. இரண்டுமே டெங்கு அல்ல; ஆனால் அதே ஏடிஸ் கொசுக்கள் பரப்பும் நோய்கள். 2008 ஜனவரியில் சிக்குன்குனியா முதன்முதலாக சிங்கப்பூருக்குள்ளேயே பரவியபோது, அது தோன்றிய இடம் தமிழர்கள் அதிகமாகக் கூடும் லிட்டில் இந்தியாவின் கிளைவ் ஸ்திரீட். 2016 ஆகஸ்டில் ஸீக்கா தொற்று கண்டறியப்பட்டபோது, முதலில் அறிவிக்கப்பட்ட 41 பேரில் 36 பேர் சிம்ஸ் டிரைவ் பகுதியில் ஒரே கட்டுமானத் தளத்தில் வேலை செய்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அறிவிப்பு வெளியானபோது அந்த 41 பேரில் பெரும்பாலானோர் ஏற்கெனவே குணமடைந்துவிட்டிருந்தனர். அதாவது, பலர் காய்ச்சலோடு இருந்த நாட்களில் அது இன்ன நோய் என்று எவரும் அறியவில்லை.

வெளிநாட்டுத் தொழிலாளர் நோயைக் கொண்டுவருகிறார் என்ற பேச்சு இத்தகைய தருணங்களில் எழுவது வழக்கம். அந்தத் தளத்தில் தண்ணீரைத் தேங்கவிட்டது யார் என்ற கேள்வி அவ்வளவு உரக்க எழுவதில்லை. தொழிலாளருக்குத் தான் வேலை செய்யும் தளத்தையும் தங்கும் விடுதியையும் தேர்ந்தெடுக்கும் உரிமை பெரும்பாலும் இல்லை. கடன் வாங்கி வந்தவர், காய்ச்சலைச் சொன்னால் கூலி போகும் என்று அஞ்சி மாத்திரை விழுங்கிவிட்டு வேலைக்குச் செல்வது எந்த நாட்டிலும் நடக்கக்கூடியது. காய்ச்சல் கண்ட முதல் நாட்களில்தான் நோயாளியின் இரத்தத்தில் கிருமி மிகுந்து, அவரைக் கடிக்கும் கொசுவைத் தொற்றிக்கொள்கிறது. ஓய்வெடுக்க முடியாத தொழிலாளி, சமூகக் காரணியும் சூழல் காரணியும் ஒன்றுசேரும் இடத்தில் நிற்கிறார்.

மாடி வீடும் பங்களாவும்

சிங்கப்பூர்வாசிகளில் பெரும்பான்மையோர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில் வசிக்கிறார்கள். உயரத்தில் இருந்தால் கொசு வராது என்ற நம்பிக்கை பரவலானது. 2004இல் வெளியான ஒரு சோதனை அதை உடைத்தது. 21 மாடிக் கட்டடம் ஒன்றின் 12ஆம் மாடியில், ருபிடியம் என்ற தனிமத்தால் அடையாளமிடப்பட்ட பெண் கொசுக்கள் விடப்பட்டன. அவை கீழ்த்தளம் வரையிலும் உச்சி மாடி வரையிலும் பரவியிருந்தது கண்டறியப்பட்டது. முட்டையிட இடம் தேடும் கொசு மாடிகளை எண்ணிப் பார்ப்பதில்லை.

மாடி வீடுகள் தமக்கே உரிய வளரிடங்களையும் உண்டாக்கின. சன்னலுக்கு வெளியே துணி காயவைக்கும் மூங்கில் கழிகளைச் செருகுவதற்கென்று பழைய கட்டடங்களில் பதிக்கப்பட்ட குழாய்கள் அவற்றுள் பேர்பெற்றவை. கழியை எடுத்துவிட்டால் அக்குழாயில் மழைநீர் நின்றுவிடும். பின்னர் அவற்றுக்கு மூடிகள் வழங்கப்பட்டன. சாமி அலமாரியின் பூச்சாடி, செடித்தொட்டியின் அடித்தட்டு, குளியலறை வாளி ஆகியவையும் அதிகாரிகளின் பட்டியலில் தவறாமல் இடம்பெறுகின்றன. கொசுப் புழு கண்டுபிடிக்கப்பட்டால் வீட்டுக்காரருக்கு அபராதம் உண்டு.

இருந்தாலும், மாடி வீட்டை விடத் தாழ்ந்த கட்டடங்களிலேயே அபாயம் கூடுதல் என்று கேலாங் பகுதியை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு ஒன்று சுட்டியது. பழைய கடைவீடுகளும் அவற்றை ஒட்டிய வடிகால்களும் அங்கே முக்கியப் பங்கு வகித்தன. தோட்டத்தோடு கூடிய தனி வீடுகளுக்கும் இது ஓரளவு பொருந்தும். இலை அடைத்த கூரை நீர்த்தாரை, அலங்காரக் குளம், எப்போதாவது பயன்படும் நீச்சல் குளம் ஆகியவை ஏழைகளின் வீட்டில் இருப்பவை அல்ல. வீட்டுக்காரர் வெளிநாடு சென்றிருக்கும் பூட்டிய பங்களா, சோதனை அதிகாரிக்கு எந்த நெரிசலான குடியிருப்பையும்விடச் சிரமமானது.

வசதி பாதுகாப்பே தருவதில்லை என்று இதற்குப் பொருளில்லை. அமெரிக்க-மெக்சிக்கோ எல்லையில் ஆற்றின் இரு கரைகளிலும் அமைந்த லரேடோ, நுவேவோ லரேடோ என்ற இரட்டை நகரங்களில் 1999இல் நடத்தப்பட்ட ஆய்வு இங்கே குறிப்பிடத்தக்கது. அமெரிக்கப் பக்கத்தில்தான் ஏடிஸ் கொசு அதிகம். டெங்குத் தொற்றோ மெக்சிக்கோ பக்கத்தில் அதிகம். கதவைச் சாத்தி, குளிர்சாதனத்தை இயக்கி வாழும் முறை அமெரிக்கக் கரையினரைக் கொசுவிடமிருந்து பிரித்து வைத்திருந்தது. சிங்கப்பூரிலும் குளிர்சாதனம் பரவலாக உண்டு. ஆனால் பகலில் காற்றுக்காகக் கதவையும் சன்னலையும் திறந்து வைப்பதும், திறந்த உணவங்காடியில் சாப்பிடுவதும், புளோக்கின் கீழ்த்தளத்தில் கூடிப் பேசுவதும் அந்த நகரின் வாழ்க்கை. சன்னலுக்கு வலை அடிக்கும் வழக்கமும் குறைவு.

வெப்பமும் எல்லைப் பாலமும்

தட்பவெப்பத்தின் பங்கு பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை. வெப்பம் கூடும்போது முட்டை கொசுவாவதும், கொசுவின் உடலுக்குள் கிருமி முதிர்வதும் விரைவாகின்றன. சிங்கப்பூரில் மே முதல் அக்டோபர் வரை டெங்கு கூடுதலாகப் பரவுவது இதனால்தான். மழை இருபுறமும் வெட்டும் கத்தி: விட்டுவிட்டுப் பெய்தால் நீர் தேங்குகிறது, கொட்டித் தீர்த்தால் புழுக்கள் அடித்துச் செல்லப்படுகின்றன. ஆண்டு முழுவதும் மழையும் வெப்பமும் உள்ள நகரில் கொசுவுக்கு ஓய்வுக்காலம் என்று ஒன்று கிடையாது.

ஜொகூர் நீரிணைக்குக் குறுக்கே நாள்தோறும் லட்சக்கணக்கானோர் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே சென்று வருகின்றனர். மலேசியாவில் 2019இல் மட்டும் ஒரு லட்சத்து 30 ஆயிரம் பேருக்கு டெங்கு ஏற்பட்டது. ஒரு நகரம் தன் எல்லைக்குள் மட்டும் டெங்குவை ஒழித்துவிட முடியாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

வீட்டில் அடைந்திருந்த ஆண்டு

2020இன் பெரும் அலைக்கு மீண்டும் வருவோம். கொரோனா தொற்றைத் தடுக்க ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை சிங்கப்பூர் முடக்கப்பட்டது. அலுவலகம் செல்வோர் பகல் முழுவதும் வீட்டில் இருந்தனர். அதுவரை ஆளில்லாத வீட்டில் உணவு தேடி அலைந்த பகல்நேரக் கொசுவுக்கு இப்போது குடும்பமே கிடைத்தது. முடக்கத்துக்கு முந்தைய இரு மாதங்களோடு ஒப்பிட்டால், வீடுகளிலும் மாடித் தாழ்வாரங்களிலும் கண்டறியப்பட்ட கொசு வளரிடங்கள் ஐந்து மடங்கானதாகத் தேசியச் சுற்றுப்புற வாரியம் அறிவித்தது. நடமாட்டக் கட்டுப்பாடு வீட்டிலிருந்தோரிடையே டெங்குவைக் கூட்டியது என்று அதன்பின் வெளியான ஆய்வுகள் மதிப்பிட்டன. தங்கும் விடுதிகளில் அடைத்து வைக்கப்பட்டு, கட்டுமானத் தளங்களுக்குச் செல்லாதிருந்த தொழிலாளர்களிடையே அது குறைந்ததாகவும் அதே ஆய்வாளர்கள் கணித்தனர்.

வேலையிடமே அபாயம் என்ற 2006ஆம் ஆண்டின் வாதத்துக்கு இது முரணாகத் தோன்றலாம். உண்மையில் இரண்டும் ஒன்றையே சொல்கின்றன. மனிதர்கள் பகலில் எங்கே இருக்கிறார்களோ அங்கே அபாயமும் இடம்பெயர்கிறது. அந்த ஆண்டு டெங்குவால் இறந்தோர் எண்ணிக்கை முப்பதை ஒட்டியது. முதியோருக்கும் நீரிழிவு போன்ற நோய் உள்ளோருக்கும் டெங்கு ஆபத்தானது என்பதால், மக்கள்தொகையில் முதியோரின் பங்கு கூடிவரும் சிங்கப்பூருக்கு இது தனிக் கவலை.

புகையடிப்பதைப் பற்றி ஒரு சொல். மக்கள் கேட்பதும் அரசியல்வாதிகள் எந்த ஊரிலும் செய்து காட்ட விரும்புவதும் அதுவே. பறக்கும் கொசுவை அது கொல்லலாம். நீரிலுள்ள புழுவை அது தொடுவதில்லை, கட்டிலடியில் ஒளிந்த கொசுவையும் எளிதில் எட்டுவதில்லை. வழக்கமாகத் தெளிக்கப்படும் பைரித்ராய்டு மருந்துகளைத் தாங்கும் திறனை சிங்கப்பூர் ஏடிஸ் கொசுக்கள் வளர்த்துக்கொண்டுள்ளதும் ஆய்வுகளில் வெளிப்பட்டுள்ளது.

தேசியச் சுற்றுப்புற வாரியம் இப்போது பெரிதும் நம்புவது வேறொரு முறையை. வொல்பாக்கியா என்ற நுண்ணுயிரைத் தாங்கிய ஆண் கொசுக்கள் 2016 அக்டோபர் முதல் குடியிருப்புகளில் விடப்படுகின்றன. ஆண் கொசு கடிப்பதில்லை. அதோடு சேரும் பெண் கொசுவின் முட்டைகள் பொரிப்பதில்லை. நீண்டகாலம் இவ்வாறு செய்யப்பட்ட பகுதிகளில் டெங்குத் தொற்றும் வாய்ப்பு எழுபது விழுக்காட்டுக்கும் மேல் குறைந்ததாக வாரியம் கூறுகிறது. 2026க்குள் சுமார் எட்டு லட்சம் வீடுகளுக்கு இதை விரிவாக்கும் திட்டத்தையும் அது அறிவித்தது.

இம்முறையில் கொசு அடியோடு அழிவதில்லை. விடுவதை நிறுத்தினால் சுற்றுப்பகுதியிலிருந்து அது மீண்டும் வந்து சேரும். தொற்று குறையக் குறைய எதிர்ப்புச் சக்தி இல்லாதோர் தொகையும் பெருகும் என்ற 1970களின் பாடமும் அப்படியே இருக்கிறது. எனவே தொடங்கிய இடத்தில் ஆண் கொசுக்களை ஆண்டு முழுவதும், பல ஆண்டுகளுக்குத் தொடர்ந்து விட வேண்டியிருக்கும். வீடு வீடாகச் சென்று பூத்தொட்டித் தட்டைத் தூக்கிப் பார்க்கும் பணியாளர்களையும் சிங்கப்பூர் விலக்கிக்கொள்ளவில்லை.